யூத மூசார் நெறியும் தற்கால உளவியலும்: ஒப்புமையும் எல்லையும்

முன்னுரை

தன் குணக்குறைகளை ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் பயிற்சியை யூத மரபு ‘மூசார்’ எனச் சுட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் லித்துவேனியாவைச் சார்ந்த யூத சமய அறிஞர் இசுரேல் சலாந்தர் (இறப்பு 1883) இதனை ஓர் இயக்கமாக வளர்த்தார். இவ்வியக்கத்தைத் தற்கால உளவியலின் முன்னோடி எனக் கொள்வது எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இருண்ட ஆற்றல்கள்

சலாந்தர் மனத்தின் ஆற்றல்களைத் ‘தெளிந்தவை’, ‘இருண்டவை’ என இருவகைப்படுத்தினார். தெளிந்தவற்றை மனிதன் அறிவான்; இருண்டவை அவன் அறியாமலே எழுந்து, சோதனை நேரும்பொழுது அறிவை மீறிச் செயற்படும். இக்கருத்து பிராய்டின் நனவிலிக் கோட்பாட்டிற்குக் காலத்தால் முந்தியது. ஆயினும், இருவரும் கூறும் தீர்வு வேறு. ஒடுக்கப்பட்டதை நனவிற்குக் கொணர்வதைப் பிராய்டு வழியாகக் கண்டார். சலாந்தரோ, அறநூல் தொடர்களை உணர்ச்சியோடு உரக்கத் திரும்பத் திரும்ப ஓதுவதும் இடைவிடாத பழக்கமும் இருண்ட ஆற்றல்களை மாற்றும் என்றார். தீய விழைவை அடக்குதல் முதற்படி. அவ்விழைவே எழாதவாறு குணத்தைத் திருத்துதல் அடுத்த படி.

ஆன்மக் கணக்கு

மெனாகெம் மெண்டல் லெஃபின் 1808இல் வெளியிட்ட ‘ஆன்மக் கணக்கு’ என்னும் எபிரேய நூல், 13 பண்புகளை வாரத்திற்கு ஒன்றாக, ஆண்டிற்கு நான்கு சுற்றுகளாகப் பயிலச் சொல்கிறது. அன்றாடத் தவறுகளைக் கட்டமிட்ட தாளில் குறித்துவர வேண்டும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் எழுதப்படும் எண்ணப் பதிவேட்டை இது நினைவூட்டுகிறது. சலாந்தரின் ஊக்கத்தால் மறுபதிப்புக் கண்ட இந்நூலின் பயிற்சிமுறை, அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளினிடமிருந்து பெறப்பட்டதாகும். ஆகவே, உளவியல் பின்னர்க் கண்டதைச் சமயம் தனித்தே முன்னர்க் கண்டது என்னும் கூற்று இங்கு நிலைபெறாது. அறிவொளிக்கால நடைமுறை ஒன்றைச் சமய மரபு தனதாக்கிக்கொண்டது.

இலக்கின் வேறுபாடு

ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சை, துன்பந்தரும் எண்ணம் மெய்ம்மையோடு பொருந்துகிறதா என வினவும். பிறர்க்கும் இறைவனுக்கும் ஆற்றவேண்டிய கடமை நிறைவேறியதா என மூசார் வினவும். சினத்திற்கு ஆளானவரின் மனநோவு குறைவதை முன்னது கருதும். அச்சினத்தால் புண்பட்டவரையும் பின்னது கணக்கில் கொள்ளும். இவ்வேறுபாடு நடைமுறையில் முதன்மை பெறுகிறது. சிறு பிழையையும் பெரும்பாவமாகக் கருதி அஞ்சும் எண்ணச் சுழற்சி நோய் உடையவர்க்கு அன்றாடத் தவறுக் கணக்கு மருந்தாகாது, நோயையே வளர்க்கக்கூடும்.

முடிவுரை

கருவிகளில் இரண்டும் நெருங்குகின்றன, இலக்கில் விலகுகின்றன. மூசார் பயிற்சிகளை உளவள ஆலோசனையில் கையாள்வோர், ஒப்புமையோடு இவ்விலகலையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.