நாய் சிரிக்காது



எங்கள் பகுதி லயமொன்றில் ஒரு பையன். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வாயே திறக்க மாட்டான். எழுத்துத் தடுமாறினால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற பயம். ஆனால் அந்தியில் இஸ்தோப்பில் உட்கார்ந்து நாய்க்குட்டிக்கு வாசித்துக் காட்டுவான். "படிக்கிற நேரத்துல நாயோட என்னடா பேச்சு?" என்று அவன் தாய் ஏசுவார். ஏச வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் போரிஸ் லெவின்சன் என்ற மனோதத்துவ நிபுணர் இருந்தார். யாரோடும் பழகாத ஒரு சிறுவன், அவர் வளர்த்த ஜிங்கிள்ஸ் என்ற நாயோடு பழகினான். பிறகு மெல்ல மெல்ல அவரோடும் பழகினான். சிகிச்சைக்கு நாய் துணையாகும் என்று 1962இல் அவர் கட்டுரை எழுதினார்.

1999இல் அதே நாட்டில், சோல்ட் லேக் சிட்டியில், பிள்ளைகள் நாய்க்கு வாசித்துக்காட்டும் திட்டம் ஆரம்பமானது. பிழை விட்டால் நாய் சிரிக்காது, ஏசாது, அவசரப்படுத்தாது. பயம் போனால் பிள்ளை இன்னும் வாசிக்கும். வாசிக்க வாசிக்கத்தானே வாசிப்பு வரும்!

எல்லா நாயும் இதற்கு ஆகாது. அமைதியான நாயைத் தெரிந்து, சுகம் பார்த்து, பழக்கி, சோதித்த பிறகே பிள்ளைகளிடம் கொண்டுபோவார்கள். நாயைப் பழக்கியவரும் பக்கத்திலேயே இருப்பார்.

நம் வீட்டு நாய்க்கு வருடாவருடம் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். அது சாப்பிடும்போதும், குட்டி போட்டிருக்கும்போதும் பிள்ளைகளைக் கிட்டப் போகவிடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கைமருந்து பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். சின்னக் காயம்தானே என்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

மிருகங்கள் மேல் ஆசையுள்ள பிள்ளைக்கு அதிலேயே படிப்பும் உண்டு. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் சமூகசேவை மாணவர்கள் மனிதருக்கும் மிருகத்துக்கும் உள்ள உறவைப் பாடமாகவே படிக்கிறார்கள். நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. அதற்கு உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்க வேண்டும். ஆகவே விஞ்ஞான பாடத்தை இப்போதே கவனியுங்கள். மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்ட கை, ஒருநாள் மாட்டுக்கு ஊசி போடும் கையாகட்டும்.

நாய் இல்லாத வீட்டில் என்ன செய்வது? மலையிலிருந்து களைத்துத்தான் வருகிறோம். என்றாலும் பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவோம். நமக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சிரிக்காமல், ஏசாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு நாயால் முடிவது நம்மால் முடியாதா?