ஒளிரும் விளக்கும் ஒளிந்திருக்கும் பழுதும்

முன்னுரை

மின்சாரம் வடசென்னைக்குப் புதிதன்று. சென்னை நகருக்கு மின்னொளி வழங்கிய பேசின் பிரிட்ஜ் மின்நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரம்பூரின் அண்டையில் எழுந்தது. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலையும், அதற்கு முன்பிருந்தே இயங்கிவந்த இரயில்வே பணிமனைகளும் மின்பணி அறிந்த தலைமுறைகளை இவ்வட்டாரத்தில் உருவாக்கின. ஆயினும், நம் வீடுகளிலும் மாணவர் தங்கும் அறைகளிலும் எவராலும் ஆராயப்படாமல் கிடக்கும் மின்பொருள் ஒன்று உண்டு. மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்னும் இணைப்புப் பெட்டியே அது.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பகுதித் தெருக்களிலும் வீடுகளிலும் நீர் நாட்கணக்கில் தேங்கி நின்றது. பாதுகாப்புக் கருதி மின்வழங்கல் நிறுத்தப்பட்டது. நீர் வடிந்து மின்சாரம் திரும்பியபோது, சேற்றில் கிடந்த இணைப்புப் பெட்டிகளைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, மீண்டும் செருகிய வீடுகள் பல. செருகியவுடன் சிவப்பு விளக்கு ஒளிர்ந்தது. "விளக்கு எரிகிறதே, பெட்டிக்கு ஒன்றுமில்லை" என்ற முடிவுக்கு வந்தோம். இம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் மின்பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அளவுகளும் எச்சரிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சிடப்பட்டிருக்கக் காணலாம். உயிர் காக்கும் செய்தி புரியாத மொழியில் நின்றுவிடாமல் தாய்மொழியில் மக்களைச் சென்றடைவதும் தமிழ்ப்பணியின் ஒரு கூறேயாகும்.

பெட்டியின் உள்ளமைப்பு

இணைப்புப் பெட்டியின் உள்ளே மூன்று தடங்கள் உள்ளன. மின்சாரத்தைக் கொண்டுவருவது பேஸ். அது திரும்பிச் செல்லும் வழி நியூட்ரல். பழுது நேருங்கால் மின்சாரத்தை நிலத்துக்குள் கடத்தி மனிதனைக் காப்பது எர்த். இன்றைய வளையும் கம்பிவடங்களில் பேஸ் பழுப்பு நிறத்திலும், நியூட்ரல் நீல நிறத்திலும், எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்திலும் இருக்கும். பழைய வடங்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை ஆகும். எர்த் துளை மேலே இருக்குமாறு சாக்கெட்டை நேர்முகமாக நோக்கினால், வலப்பக்கத் துளை பேஸ், இடப்பக்கத் துளை நியூட்ரல் என்பது முறை.

பெட்டியின் விளக்கு பேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மட்டும் இணைக்கப்பட்டது. எனவே அவ்விரண்டும் வந்து சேர்ந்தால் அது ஒளிரும். எர்த் கம்பி உள்ளே அறுந்து தொங்கினாலும் அது ஒளிரும். சாக்கெட்டின் பித்தளை இதழ்கள் தளர்ந்து கருகிக்கொண்டிருந்தாலும் ஒளிரும். மின்சாரம் வந்துள்ளது என்பதற்கு மட்டுமே அவ்விளக்கு சான்று. காப்பு உள்ளது என்பதற்கு அது சான்றாகாது.

தளர்ந்த இணைப்பின் தீமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு சாக்கெட்டில் இணைப்புத் தளர்ந்து அரை ஓம் தடை உண்டாகியுள்ளது எனக் கொள்வோம். அதன் வழியே 6 ஆம்பியர் மின்னோட்டம் செல்லுமானால், 6ஐ 6ஆல் பெருக்கி அதனை அரையால் பெருக்க, 18 வாட் வெப்பம் அந்தச் சிறு புள்ளியில் தோன்றும். ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். இவ்வளவு வெப்பம் உண்டாகியும் ப்யூஸ் போவதில்லை. மின்னோட்டம் அளவு மீறினால்தான் ப்யூஸ் அறியும். இங்கோ மின்னோட்டம் அளவுக்குள்ளேயே இருக்கிறது. காவலன் வாயிலில் விழித்திருக்க, வீட்டின் உள்ளே நெருப்புக் கனன்றுகொண்டிருப்பது போன்ற நிலை இது.

அளவு மீறிய சுமையும் இத்தகையதே. 6 ஆம்பியர் பெட்டி 230 வோல்ட்டில் 1,380 வாட் மட்டுமே தாங்கும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியையும் 1,500 வாட் கெட்டிலையும் அதில் ஒருசேர இயக்கினால் ஏறத்தாழ 11 ஆம்பியர் பாயும். ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டி, அதிலிருந்து வேறொன்று எனக் கோத்துக்கொண்டே போகும் வழக்கத்தில் அனைத்துச் சுமையும் முதற்பெட்டியின் தலைமேல்தான் விழுகிறது.

ஸ்பைக் பஸ்டர் காப்பதும் காவாததும்

கணினியுடன் சேர்த்து வாங்கப்படும் ஸ்பைக் பஸ்டர் என்பது, மின்னெழுச்சியைத் தடுக்கும் உறுப்புச் சேர்ந்த இணைப்புப் பெட்டியாகும். மின்னல் அருகில் விழும்போதும், பெரிய மோட்டார்கள் நிறுத்தப்படும்போதும் மின்தடத்தில் நொடியின் மிகச் சிறு கூறளவே நீடிக்கும் உயர் மின்னழுத்தம் எழும். இதனைத் தாங்கிக்கொள்வது வாரிஸ்டர் என்னும், நாணயத்தைப் போன்ற வட்டச் சில்லு. துத்தநாக ஆக்சைடைச் சுட்டுச் செய்யும் இவ்வகை வாரிஸ்டரை ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா உருவாக்கி, அதன் பண்புகளை 1971இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இயல்பான மின்னழுத்தத்தில் இச்சில்லு மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் தன் வழியே அதனைக் கடத்தி, கருவியைக் காக்கும்.

இதில் மூன்று செய்திகளைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, ஒவ்வொரு பெரிய எழுச்சியைத் தாங்கும்போதும் வாரிஸ்டர் சிறிது தேய்கிறது. பல ஆண்டுகள் உழைத்த ஸ்பைக் பஸ்டர், காக்கும் ஆற்றலை இழந்து வெறும் இணைப்புப் பெட்டியாக நிற்கக்கூடும். அப்போதும் அதன் சுவிட்ச் விளக்கு ஒளிரவே செய்யும்.

இரண்டாவது, நொடியின் சிறு கூறளவு எழுச்சிக்கென அமைந்த வாரிஸ்டர், நீடித்த உயர் மின்னழுத்தத்தைத் தாங்காது. தெருக்கம்பத்திலோ மீட்டர்ப் பலகையிலோ நியூட்ரல் அறுந்தால், சுமை குறைந்த வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் வரக்கூடும். அந்நிலையில் வாரிஸ்டர் கொதித்து வெடிக்கலாம், தீயும் பற்றலாம். வெப்பம் மிகுந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் தெர்மல் ப்யூஸ் அதனை ஒட்டி அமைந்திருத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, எர்த் இல்லாத இடத்தில் ஸ்பைக் பஸ்டரின் காப்பும் குறையும். கணினியின் உலோக உறையைத் தொடும்போது சுருக்கென்று உணர்வதாக மாணவர் பலர் கூறுவதுண்டு. கணினியின் மின்வழங்கியில் பேசிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உறைக்கு இரு சிறு கப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் கசிவு நிலத்துக்குச் சென்றுவிடும். எர்த் இல்லாவிடில் உறையில் ஏறத்தாழ 115 வோல்ட் நிற்கும். அக்கசிவு மிகச் சிறிதாகையால் உடலுக்குப் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆயினும், அது எர்த் அறுந்தது என அறிவிக்கும் எச்சரிக்கை மணி ஆகும். அதே பெட்டியில் காப்புக் கெட்ட இஸ்திரிப் பெட்டி செருகப்பட்டால், அடுத்த முறை தொடுவது உயிரையே கொள்ளலாம்.

சோதிக்கும் முறை

சோதனைக்கு முன் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து முற்றிலும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

முதற்சோதனை கண்ணாலும் மூக்காலும் செய்வது. பிளக் முட்கள் கறுத்துள்ளனவா, துளைகளைச் சுற்றி நிறம் மாறியுள்ளதா, கருகிய நாற்றம் வீசுகிறதா, வடம் பெட்டிக்குள் நுழையுமிடத்தில் வெடித்துள்ளதா எனக் காணல் வேண்டும். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஏதேனும் உருளும் ஓசை கேட்கலாகாது. பிளக் துளையில் இறுகப் பிடிக்காமல் வழுகி விழுமானால் பித்தளை இதழ்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள்.

இரண்டாவது, தொடர்ச்சிச் சோதனை. மல்டிமீட்டரைத் தடை அளக்கும் நிலையில் வைத்து, அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் அளவைக் குறித்துக்கொள்க. அது மீட்டர்க் கம்பிகளின் தடை. பிறகு பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளைக்கும் அளக்க வேண்டும். முன்பு குறித்ததைக் கழித்தபின் ஓர் ஓமுக்கும் மிகக் குறைவான அளவே எஞ்சவேண்டும். அளக்கும்போதே வடத்தை நீளநெடுக அசைத்துப் பார்த்தல் நன்று. எண் துள்ளினால் கம்பி உள்ளே அரைகுறையாக அறுந்துள்ளது. பேஸ், நியூட்ரல் தடங்களையும் இவ்வாறே அளந்து, சுவிட்சை அணைத்தால் பேஸ் துண்டிக்கப்படுகிறதா என்றும் காண்க.

மூன்றாவது, மின்காப்புச் சோதனை. இதனை மெகர் என்னும் கருவியால் மின்பணியாளரே செய்தல் தகும். பேசையும் நியூட்ரலையும் ஒன்றுசேர்த்து, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட்டில் சோதிக்கையில் ஒரு மெகஓமேனும் காட்டவேண்டும். வாரிஸ்டர் உள்ள ஸ்பைக் பஸ்டரில் இந்த 500 வோல்ட்டுக்கே வாரிஸ்டர் கடத்தத் தொடங்கி, பழுதில்லாதபோதும் குறைந்த அளவு காட்டும். ஆகவே அத்தகைய பெட்டிகளுக்கு 250 வோல்ட் சோதனையே பொருந்தும்.

நான்காவது, சுமைச் சோதனை. முன் மூன்றிலும் தேறிய பெட்டியில் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியைப் பதினைந்து நிமிடம் இயக்கி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியபின் சாக்கெட்டையும் பிளக்கையும் வடத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். யாதேனும் ஓரிடம் மட்டும் சூடாயிருப்பின் அங்கே இணைப்புத் தளர்ந்துள்ளது.

டெஸ்டரைப் பற்றியும் ஒரு சொல். டெஸ்டர் ஒளிர்வது பேஸ் இருப்பதை உணர்த்துமேயன்றி எர்த்தின் நிலையை உணர்த்தாது. சாக்கெட்டின் இரு துளைகளிலும் டெஸ்டர் ஒளிருமானால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். உடனே மெயினை அணைத்து மின்பணியாளரை அழைத்தலே அறிவுடைமை.

செப்பனிடத் தக்கனவும் தகாதனவும்

பிளக், வடம், சுவிட்ச், ப்யூஸ், திருகாணியால் பொருத்தப்பட்ட சாக்கெட் ஆகியவற்றை மாற்றிச் செப்பனிடலாம். மாற்றும் பிளக்கிலும் சாக்கெட்டிலும் ஐ.எஸ். 1293 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனக் காணல் வேண்டும். பிளக்கினுள் எர்த் கம்பியை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடுவது பழுத்த மின்பணியாளர் வழக்கம். யாரேனும் வடத்தைப் பிடித்து இழுத்தாலும் எர்த் கடைசியாகவே அறும் என்பது இதன் நுட்பம். பல இழைக் கம்பியின் நுனியில் ஈயம் பூசித் திருகாணிக்கடியில் வைத்தல் ஆகாது. ஈயம் நாளடைவில் நெகிழ்ந்து இணைப்பைத் தளர்த்தும். போன ப்யூசுக்குப் பதிலாகக் கம்பித் துண்டை வைப்பது செப்பனிடுதல் ஆகாது. தீங்கை விருந்துக்கு அழைப்பதாகும்.

வாரிஸ்டரை மாற்றுவோர் அதன்மேல் உள்ள குறியை அறிதல் வேண்டும். 14டி431கே என்றிருப்பின், 14 மில்லிமீட்டர் விட்டமும் 430 வோல்ட் எல்லையும் உடையது என்றும், 275 வோல்ட் மாறுமின்னழுத்தத்தைத் தொடர்ந்து தாங்கும் என்றும் பொருள். அதே குறியும் அதே விட்டமும் உள்ளதையே பொருத்தி, தெர்மல் ப்யூசையும் விடாது அமைத்தல் வேண்டும். மல்டிமீட்டர் கொண்டு வாரிஸ்டர் குறுக்கிணைப்பு ஆகியுள்ளதா என்று மட்டுமே அறியலாம். எவ்வளவு தேய்ந்தது என அறிய முடியாது. வெடிப்போ கருமையோ கண்டால் மாற்றிவிடுவதே முறை.

உருகிய உறை, விரிசல் கண்ட பித்தளைத் தகடு, திறக்க இயலாதவாறு ஒட்டப்பட்ட பெட்டி ஆகியவை செப்பனிடத் தகாதவை. வெள்ளநீரில் மூழ்கிய பெட்டியும் ஸ்பைக் பஸ்டரும் இவ்வகையைச் சார்ந்தனவே. நீர் உலர்ந்தாலும் அதில் கரைந்திருந்த உப்பும் சேறும் உள்ளே படலமாகத் தங்கிவிடும். அடுத்து ஈரக்காற்று வீசும் நாளில் அப்படலம் மின்சாரம் கசியும் பாதையாகி, மெல்ல மெல்லக் கரியாகித் தீயில் முடியும். கடலையொட்டிய நம் வட்டாரத்தில் ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை. இத்தகைய பெட்டியை எறியும்போது வடத்தை வெட்டிவிட்டு எறிதல் நன்று. இல்லாவிடில் அதை எடுத்துத் துடைத்து மற்றொருவர் வீட்டில் செருகிவிடக்கூடும்.

முடிவுரை

எர்த் முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகும் வழக்கமும், பிளக் இல்லாமல் கம்பிகளைத் துளையில் திணித்துத் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கமும் நம்மிடையே இன்னும் மறையவில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியை வீட்டின் மெயின் பலகையில் பொருத்துவது இவையனைத்துக்கும் மேலான காவல். ஆயினும் அதுவும் தளர்ந்த இணைப்பின் வெப்பத்தை அறியாது. அதனை அறியும் கருவி நம் கையும் கண்ணுமே.

கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் தத்தம் வீட்டு இணைப்புப் பெட்டிகளைப் பிடுங்கி, கண்ணால் ஆராய்ந்து, ஒரு மல்டிமீட்டரால் எர்த் தொடர்ச்சியை அளந்து பார்ப்பாராக. தெருவில் தனித்து வாழும் முதியோர் வீடுகளுக்கும் இத்தொண்டைச் செய்யலாம். ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிடம் போதும். மழைக்காலம் தொடங்குமுன் இதனைச் செய்துவிட்டால், சிவப்பு விளக்கு ஒளிரும்போது நாம் கொள்ளும் நம்பிக்கைக்கு உண்மையான அடிப்படை ஒன்று இருக்கும்.