தண்ணீர் எங்கே போனது?

"நான் எட்டாம் வகுப்போடை நின்றனான். பிள்ளைக்கு விஞ்ஞானம் சொல்லிக் குடுக்க என்னாலை ஏலுமே?" இடம்பெயர்ந்து வந்த தாய் ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் கேட்ட நேரம் அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சாக்கு நிறைய நெல். இதற்கு மேல் ஒரு விஞ்ஞான கூடம் தேவையில்லை.

திண்மம், திரவம், வாயு என்ற பெயர்களைப் பிள்ளைகள் பாடசாலையில் படிப்பார்கள். ஐந்து, ஆறு வயதில் பெயர் அவசரமில்லை; தொட்டுப் பார்ப்பதே முக்கியம்.

ஒரு சுண்டு தண்ணீரும் ஒரு சுண்டு நெல்லும் எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு போத்தலில் பிள்ளையே ஊற்றட்டும். இரண்டும் போத்தலின் உருவத்தை எடுக்கும். "அப்ப நெல்லும் தண்ணி மாதிரியோ?" என்று கேளுங்கள். பிள்ளை "ஓம்" என்றால் மறுக்க வேண்டாம். இனி இரண்டையும் நிலத்தில் ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் பரவி ஓடும், நெல் குவியும். சூடடித்த களத்தில் நீங்கள் எத்தனை முறை கண்ட காட்சி இது! ஒரு நெல்மணியைக் கையில் கொடுங்கள். எங்கே வைத்தாலும் அதன் உருவம் மாறாது. நெல் திண்மம்தான், சிறு மணிகளாக இருப்பதால் ஓடுவது போலத் தெரிகிறது.

அகன்ற கோப்பையிலிருந்த தண்ணீரை ஒடுங்கிய போத்தலில் ஊற்றினால், "இப்ப கூடிப் போச்சு" என்று பிள்ளை சொல்லக்கூடும். அது மடமையல்ல. ஏழு வயதளவில்தான் இந்த விளக்கம் வருகிறது என்று சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே (1896–1980) எடுத்துக்காட்டினார். ஆகவே ஏச வேண்டாம்.

மார்கழி, தை மாத விடியலில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது திண்மமாகிவிடும். போத்தலைப் பிள்ளையின் கைகளுக்குள் கொடுத்தால், உடற்சூட்டிலேயே மெல்ல உருகும். ஐஸ்பழம் கையில் கரைவதும் இதே கதைதான்.

வாயுவைக் காட்டுவதுதான் சற்றுக் கடினம். ஒரு ரம்ளரின் அடியில் காகிதத்தை இறுக்கி வைத்து, தலைகீழாக நேரே வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். காகிதம் நனையாது. உள்ளே காற்று இடத்தைப் பிடித்திருக்கிறது. ரம்ளரைச் சரித்தால் குமிழி குமிழியாக அது வெளியேறும்.

புட்டுப் பானை மூடியை நீங்களே தூக்குங்கள். ஆவி பொல்லாத சூடு. மூடியின் உட்புறத்துத் துளிகளை ஆறவிட்டுக் காட்டுங்கள். மேலே போன ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகிவிட்டது. தறப்பாள் கொட்டிலில் படுத்தவர்கள் விடியற்காலையில் மேலிருந்து சொட்டும் துளியை அறிவார்கள். அதுவும் இதுவே.

கடைசியாக, ஒரு தட்டில் உப்புக் கரைத்த தண்ணீரைச் சிறிதளவு ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் மட்டத்தில் கரிக்கோடு போட்டு, பின்னேரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கே போனது? விடையை உடனே சொல்லாதீர்கள். ஒரு நாள் யோசிக்கட்டும். முழுதும் வற்றியபின் வெள்ளைப் படிவு மிஞ்சும். ஆனையிறவு, மன்னார் உப்பளங்களிலும் நடப்பது இதுதான். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு.

படிவைப் பிள்ளை நாக்கில் வைத்துப் பார்க்க ஆசைப்படும். ஆகவே சாப்பாட்டுத் தட்டையே பாவியுங்கள். கிருமிநாசினி இருந்த போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் எந்தப் பரிசோதனைக்கும் எடுக்க வேண்டாம்.