மஞ்சப்பையின் கடன் கணக்கு

இரண்டு காது வைத்த பிளாஸ்டிக் கேரி பேக்கை வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்டாஃப் தூலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். செல்லோபிளாஸ்ட் என்ற நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய வடிவத்துக்கு 1965இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உருகிய பாலித்தீனைக் குழாய்போல ஊதிப் பெருக்கி, தட்டையாக மடித்து, மேலும் கீழும் சூட்டில் ஒட்டி, மேற்பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டால் கைப்பிடியோடு பை தயார். தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஏறக்குறைய 8 கிராம் எடையுள்ள அந்தப் பை தன்னைப்போல் ஆயிரம் மடங்கு எடையைத் தூக்கும்; மழைக்கும் அஞ்சாது. அப்பா எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பையை மடித்துப் பாக்கெட்டில் வைத்திருப்பார் என்றும், மக்கள் அதை ஒருமுறையோடு தூக்கி எறிவார்கள் என்பது அவருக்கு விசித்திரமாகவே பட்டிருக்கும் என்றும் தூலினின் மகன் பிற்காலத்தில் பிபிசியிடம் சொன்னார்.

ஆக, கேரி பேக் பலமுறை பயன்படும் பொருளாகத்தான் பிறந்தது. கடைக்காரர் சும்மா கொடுக்கத் தொடங்கியதும் அதன் ஆயுள் கடையிலிருந்து வீடு வரைக்கும் என்று சுருங்கிப்போனது. மண்ணின் நுண்ணுயிர்களால் பாலித்தீனின் நீண்ட சங்கிலியை எளிதில் வெட்ட முடியாது என்பதால், இருபது நிமிட வேலைக்குப் பிறகு அது பல தலைமுறைகளுக்கு ஓய்வெடுக்கிறது. பிளாஸ்டிக்கை நாம் குறை சொல்வது இந்தப் பொருத்தமின்மைக்காக என்றால், அதே அளவுகோலை அதற்கு மாற்றாக வரும் பொருள்களுக்கும் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். துணிப்பை, எவர்சில்வர் டம்ளர், தூக்குவாளி எதுவானாலும் அதன் மதிப்பு எத்தனை முறை கைக்கு வந்தது என்பதில் இருக்கிறது. எதனால் செய்தது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு நல்ல சோதனைப் பொருள் மஞ்சப்பை. ஒருகாலத்தில் ஜவுளிக்கடையிலிருந்து கல்யாண மண்டபம் வரை எங்கும் இருந்தது. பிறகு மஞ்சப்பையோடு பட்டணத்தில் இறங்குபவன் என்றாலே பட்டிக்காட்டான் என்று சினிமா சிரித்தது. 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு மாநில அரசு விதித்த தடை 2019 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. 2022இல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பையை நீட்டும் இயந்திரமும் வந்தது. கேலிக்குள்ளான பை கௌரவத்தோடு திரும்பியது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் பருத்தி என்பதாலேயே அது மாசற்றது என்று முடிவுகட்டினால் கணக்கு உதைக்கும்.

பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயமேற்றவும் மின்சாரமும் வெந்நீரும் வேண்டும். ஒவ்வொரு துணிப்பையும் மண்ணிடமும் நீரிடமும் காற்றிடமும் முன்பணமாக ஒரு கடன் வாங்கிக்கொண்டுதான் நம் கைக்கு வருகிறது. ஒரு கேரி பேக்கை வேண்டாம் என்று அது தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தவணை அடைகிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தவணைகளை எண்ணியிருக்கிறார்கள். 8 கிராம் பாலித்தீன் பைக்கு எதிரே அவர்கள் நிறுத்திய பருத்திப்பை 180 கிராமுக்கு மேல். புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், பிளாஸ்டிக் பையை ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறிவதாக வைத்துக்கொண்டாலும், பருத்திப்பை 131 முறை கடைக்குப் போய்வர வேண்டும். காகிதப்பைக்கு 3 முறை; ஆனால் காகிதப்பை மூன்று முறை தாங்குவது அபூர்வம். தினமும் காய்கறிக்கடைக்குப் போகிற வீட்டில் 131 என்பது நாலரை மாதம்கூட ஆகாது. வாரச்சந்தைக்கு மட்டும் போகிற வீட்டில் இரண்டரை வருடம். நம்மூர் மஞ்சப்பை அவ்வளவு கனமில்லை, ஆகவே அதன் கடனும் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். என்றாலும் கடன் கடன்தான்.

துணிப்பையை எதிர்ப்பவர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவது இன்னொரு எண். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரணப் பருத்திப்பை பருவநிலைக் கணக்கில் 52 முறையும், எல்லாச் சுற்றுச்சூழல் அளவுகோல்களையும் சேர்த்தால் 7,100 முறையும், இயற்கை வேளாண் பருத்திப்பை 20,000 முறையும் பயன்பட வேண்டும் என்றது. தினம் ஒருமுறை என்று வைத்தால் 7,100 முறைக்குப் பத்தொன்பதரை வருடம், 20,000 முறைக்கு ஐம்பத்து நான்கு வருடத்துக்கு மேல். தாத்தா வாங்கிய பையின் கடனைப் பேரன்தான் தீர்க்க வேண்டும்! இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் எப்படிப் பிறந்தன என்று பார்க்க வேண்டும். பல அளவுகோல்களில் மிக மோசமாக வருகிற ஒன்றை வைத்துத்தான் 7,100 வருகிறது; அந்த ஒன்று ஓசோன் படலச் சிதைவு. இயற்கைப் பருத்திப்பையின் கொள்ளளவு ஒப்பிட எடுத்த பிளாஸ்டிக் பையைவிடக் கொஞ்சம் சிறியது என்பதால், ஒன்றுக்கு இரண்டு பையாக எடுத்துக்கொண்டார்கள், எண் இரட்டித்தது. இவற்றைவிட முக்கியமானது, டென்மார்க்கில் பிளாஸ்டிக் பை கடைசியில் குப்பைத்தொட்டிக்கு உறையாகி, உலைக்குப் போய், எரிந்து வெப்பமும் மின்சாரமும் தருகிறது. தெருவில் பறக்கும் பை அங்கே மிகக் குறைவு என்பதால் அந்தச் சேதம் கணக்கிலேயே சேரவில்லை.

நம் ஊர்களில் அதுதான் முதல் சேதம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். வங்கதேசம் 2002இல் மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடைசெய்த முதல் நாடானதற்கு, வெள்ளக் காலத்தில் வடிகால்களை அவை அடைத்துக்கொண்டதே பெரும் காரணம். டென்மார்க் எண்ணை அப்படியே தூக்கிவந்து இங்கே துணிப்பையைத் தோற்கடிப்பது, பனிநாட்டுக் கம்பளியின் தரத்தை வைத்து மதுரை வெயிலில் வேட்டியை எடைபோடுவது மாதிரி. ஆனாலும் அந்த ஆய்வின் அடிப்படைப் பாடம் இங்கேயும் செல்லும். அதிகம் வளம் தின்று உருவான பொருளைக் குறைவாகப் பயன்படுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

அந்த நஷ்டம் நிகழ்ந்தும் இருக்கிறது. பிரிட்டனில் மெல்லிய பைக்குக் கட்டணம் வந்தபின் பல்பொருள் அங்காடிகள் ‘ஆயுளுக்கும் ஒரு பை’ என்று தடித்த பிளாஸ்டிக் பைகளை விற்றன. 2019இல் அங்கே ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 57 ‘ஆயுள் பைகள்’ விற்றிருந்தன. ஒரு வருடத்தில் ஐம்பத்தேழு ஆயுள்! நம் பக்கத்தில் அதற்கு இணை தாம்பூலப் பை. மணமக்கள் பெயரோடு, தேங்காயும் வெற்றிலையும் கொள்ளும் அளவில் தைத்த அந்தப் பையில் அரைக்கிலோ வெங்காயத்துக்கு மேல் அடங்காது; முகூர்த்த மாதம் முடிவதற்குள் பத்து சேர்ந்து அலமாரிக்கு அடியில் போய்விடும். துணிக்கடைகள் கொடுக்கும் ‘துணிப்பை’ இன்னொரு வேடிக்கை. தொட்டால் துணி மாதிரி இருக்கும், நெசவு இருக்காது. பாலிப்ரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்திச் செய்த தாள் அது. ஒரு நூலைப் பற்றவைத்தால் பருத்தி சாம்பலாகும், இது உருகி முத்தாகத் திரளும். 2019 தடைப் பட்டியலில் இந்த நெய்யாத பைகளும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

இதே அளவுகோலில் எதிர்பாராத இடத்தில் ஜெயிப்பது ஒயர்க்கூடை. அது சுத்தமான பிளாஸ்டிக். ஆனால் வீட்டுப் பெண்கள் முடிச்சு முடிச்சாகப் பின்னிய ஒரு கூடை பத்து, பதினைந்து வருடம் காய்கறியும் மீனும் பள்ளிச் சோற்று டப்பாவும் சுமக்கும். ஈரமானால் கழுவிக் கவிழ்த்தால் போதும். பிடி அறுந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி பின்னலாம். அது தவிர்த்த கேரி பேக்குகளை எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும். பழைய வேட்டியிலும் கிழிந்த புடவையிலும் தைத்த பைக்கும் அதே மரியாதை தரலாம். அந்தத் துணியின் கடனை உடுத்திய காலத்திலேயே ஏறக்குறைய அடைத்தாயிற்று. பை என்பது அதன் போனஸ். அதனால்தான் வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்கப் புறப்படுகிறவர், இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் வீசிவிட்டு, கண்ணாடி ஜாடியும் மூங்கில் பிரஷும் ஸ்டீல் ஸ்ட்ராவும் வாங்கி அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வீசிய டப்பா குப்பை. வாங்கிய ஜாடி புதுக்கடன். பழைய டப்பா உடையும்வரை அல்லது உணவுக்கு ஆகாமல் போகும்வரை அதில் துவரம்பருப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

பையைவிடக் கடன் வேகமாகத் தீரும் இடம் அடுப்படிப் பாத்திரம். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வேதியியலர் மார்ட்டின் ஹாக்கிங் 1994இல் கோப்பைகளின் ஆற்றல் கணக்கைப் போட்டார். கண்ணாடிக் கோப்பை ஒன்று 15 முறையும், பீங்கான் கோப்பை 39 முறையும் பயன்பட்டால் காகிதக் கோப்பையோடு சமமாகும். தெர்மாகோல் கோப்பையோடு சமமாகப் பீங்கானுக்கு 1,006 முறை வேண்டும். பின்னது ஏன் அவ்வளவு என்றால், தெர்மாகோலில் பொருள் மிகக் குறைவு, அதோடு ஒவ்வொரு முறையும் பாத்திரம் கழுவும் இயந்திரம் வெந்நீரைக் கொட்டுகிறது. நம் டீக்கடையில் அந்த வெந்நீர் இயந்திரம் கிடையாது. கண்ணாடி கிளாஸ் கையாலேயே கழுவப்பட்டு ஒரே நாளில் பல கைகளுக்குப் போகிறது. 15 என்ற எண்ணை அது ஒரு காலைப்பொழுதில் தாண்டிவிடும். ஹோட்டலுக்குத் தூக்குவாளி கொண்டுபோவதன் லாபமும் இப்படித்தான். நாலு இட்லி பார்சலில் சாம்பாருக்கு ஒன்று, சட்னிக்கு இரண்டு, எல்லாவற்றையும் போட்டுத்தர ஒன்று என்று நான்கு கவர் வந்துவிடும். ஒரு அடுக்குக் கேரியர் ஒரே நடையில் நான்கு தவணை கட்டுகிறது. முப்பது வருடம் கழித்து நசுங்கினாலும் பாத்திரக்கடையில் பழசுக்கு விலை உண்டு. எவர்சில்வர் உருகி மறுபடி எவர்சில்வராகிவிடும்.

மறுப்புகளில் வலுவானது, கேரி பேக்கை நிறுத்தினால் குப்பைத்தொட்டிக்கு உறை வாங்குவார்கள் என்பது. இது கற்பனையல்ல. கலிஃபோர்னியாவில் நகரம் நகரமாக வந்த தடைகளை ஆராய்ந்து ரெபெக்கா டெய்லர் 2019இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தடையால் 4 கோடி பவுண்டு பிளாஸ்டிக் பை குறைந்தது. ஆனால் குப்பைப்பை விற்பனை 1.2 கோடி பவுண்டு கூடியது. லாபத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் நின்றது என்று பொருள். ஆனால் நம் அடுப்படிக் குப்பையில் பெரும்பகுதி ஈரமானது. மக்கும் குப்பையைத் தனியே ஒரு வாளியில் சேர்த்து, வாளியைக் கழுவிக்கொள்கிற வீட்டில் உறைக்கு வேலையே இல்லை. இன்னொரு மறுப்பு சுகாதாரம்: மீன் வாங்கிய பையில் மறுநாள் கீரையா? கூடாதுதான். அதற்கு ஒரு தனிப்பாத்திரம், துணிப்பைக்கு வாரம் ஒரு துவைப்பு. அழுக்குத் துணியோடு சேர்த்துப் போட்டால் கூடுதல் தண்ணீரும் அதிகமில்லை. ‘மறந்துவிடுகிறது’ என்பதுதான் எல்லாவற்றிலும் உண்மையான மறுப்பு. அயர்லாந்து 2002இல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி வைத்ததும் தலைக்கு 328 ஆக இருந்த வருடாந்தரப் பைக் கணக்கு 21 ஆக விழுந்தது. காசு கேட்டால் ஞாபகம் வருகிறது. காசு கேட்காத இடத்தில் பை இருக்கும் இடம்தான் ஞாபகம்: அலமாரியில் இருந்தால் மறக்கும், ஸ்கூட்டர் டிக்கியிலோ செருப்பு விடும் இடத்து ஆணியிலோ இருந்தால் கூடவே வரும்.

வீட்டுக்காரர் பை எடுத்துப்போனால் போதும் என்று நிறுவனங்கள் தப்பித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களின் பக்கம்தான் நானும். ஷாம்பூவைச் சாஷேயில் விற்கும் யோசனைக்கு வழிகாட்டியவர்களில் கடலூர் சின்னி கிருஷ்ணன் முக்கியமானவர். ஏழை வீட்டுக்கும் எட்டும் விலையில் பொருள் போக வேண்டும் என்ற நல்ல எண்ணம் அது. இன்று அந்தப் பல அடுக்கு உறையை எந்தத் துணிப்பையாலும் தவிர்க்க முடியாது, பழைய பேப்பர் கடைக்காரரும் வாங்கமாட்டார். அதை உற்பத்தி செய்கிறவர்தான் வடிவத்தை மாற்ற வேண்டும். பால் கவர் இதற்கு நேர் எதிர்: ஒரே வகைப் பாலித்தீன், தடிமனானது, கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் காசு தருவது. ஆனால் கவரை வெட்டும்போது மூலைத்துண்டைத் தனியே விழவைத்தால் அந்த நகக்கண் அளவு பிளாஸ்டிக் யார் கைக்கும் திரும்புவதில்லை, சாக்கடைக்குத்தான் போகும். மூலையில் பாதிவரை மட்டும் வெட்டினால் துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், பாலும் ஒழுங்காக இறங்கும்.