எந்தத் தேனீக்கு எந்தப் பணம்

ரொறன்ரோவில் தேனீக்களுக்காக இயங்கும் குழுக்களுக்குப் பணமும் பயிற்சியும் இரண்டு தனித்தனி வாய்க்கால்களில் வருகின்றன. பெட்டியில் வளர்த்துத் தேன் எடுக்கும் தேனீ வட அமெரிக்காவுக்கு உரியதல்ல. ஐரோப்பியக் குடியேறிகள் கப்பலில் கொண்டுவந்தது. நகர எல்லைக்குள் காணப்படும் தேனீ இனங்களோ 360க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, நாம் எடுக்கத் தேன் சேர்ப்பதுமில்லை. மண்ணைக் குடைந்தோ காய்ந்த தண்டுக்குள் புகுந்தோ தனியாக முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இந்த இனங்களில் ஒன்றைத்தான், பச்சை உலோகம் போல் மின்னும் அகப்போஸ்டெமோன் விரெசென்ஸ் என்ற சிறு தேனீயை, மாநகரசபை நகரத்தின் அதிகாரபூர்வத் தேனீயாக அறிவித்தது.

நகரத்தின் பணமும் அந்தப் பக்கமே போகிறது. மகரந்தம் பரப்பும் உயிர்களைக் காக்கும் திட்டத்தை மாநகரசபை 2018இல் ஏற்றது. அதன் வழியே 2019இல் தொடங்கிய ‘பொலினேட் ரிஓ’ நிதி, அக்கம்பக்கத்தார் சேர்ந்து அமைக்கும் தோட்டங்களுக்கு ஒரு திட்டத்துக்கு 5,000 டொலர் வரை தருகிறது. நடப்படுபவை இந்த மண்ணுக்குரிய செடிகளாக இருக்கவேண்டும். தேன்பெட்டி வாங்க இதில் இடமில்லை. தேனீ என்றதும் தேன் நினைவுக்கு வருபவர்களுக்கு இது விந்தையாகப் படலாம். ஆனால் தேன்பெட்டித் தேனீ கால்நடை. அது அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரல்ல. மொன்றியல் நகரில் 2013இல் சுமார் 250 ஆக இருந்த பெட்டிகள் 2020க்குள் 3,000ஐ நெருங்கின. பெட்டிகள் மிகுதியாகப் பெருகிய இடங்களில் காட்டுத் தேனீ இனங்கள் குறைந்ததை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. இருக்கிற பூக்கள் அவ்வளவுதான். உண்ண வரும் வாய்களோ பல ஆயிரம்.

தேன்பெட்டி வைப்பவர்களுக்கு வேறு வாசல். அவர்கள் ஒன்ராறியோ மாகாண வேளாண் அமைச்சில் ஆண்டுதோறும் பதிவுசெய்ய வேண்டும். அடுத்தவர் வீட்டு எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் பெட்டி வைக்கக்கூடாது என்று மாகாணச் சட்டம் நெடுங்காலம் சொல்லிவந்ததால், நகரத்துச் சிறு வளவுகளில் பெட்டி வைப்பதே சிக்கலாக இருந்தது. நகரப் பெட்டிகள் கூரைகளிலும் பூங்காக்களிலும் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ரோயல் யோர்க் ஹோட்டல் 2008இல் தன் கூரையில் பெட்டிகளை வைத்தது.

பயிற்சிக்கு முதலில் போகவேண்டிய இடம் பழைய சங்கங்கள். 1911இல் தோன்றிய ரொறன்ரோ மாவட்டத் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் அனுபவசாலிகளின் துணை கிடைக்கும். 1881இல் தொடங்கிய ஒன்ராறியோ சங்கம் தொடக்க வகுப்பு, நோய் மேலாண்மை, ராணி வளர்ப்பு என்று படிப்படியாகக் கற்றுத்தருகிறது. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் தேனீ ஆய்வு மையம் செய்முறைக் காணொளிகளை இலவசமாகத் தருகிறது. இவற்றில் நோய் பற்றிய பாடத்தைத் தவறவிடக்கூடாது. வரோவா உண்ணி தொற்றிய பெட்டியைக் கவனியாமல் விட்டால் பனிக்காலம் தாண்டாது. 2021-22 குளிர்காலத்தில் கனடா முழுவதும் 45 வீதத்துக்கும் மேற்பட்ட கூடுகள் அழிந்தன. பணத்தைப் பொறுத்தவரை, தேனீ நலத்துக்கான உதவி வேளாண்மைக் கணக்கிலிருந்து வருவதால் அது பெரிதும் தொழிலாகச் செய்பவர்களுக்கே பயன்படும். கூரையில் இரண்டு பெட்டி வைத்திருக்கும் குழு அதை நம்பி இறங்க முடியாது.

காட்டுத் தேனீக்களின் பக்கத்தில் பயிற்சி என்பது கண்ணைப் பழக்குவது. மாநகரம் வெளியிட்ட ‘ரொறன்ரோவின் தேனீக்கள்’ கையேடு இலவசம். ‘பம்பிள் பீ வாட்ச்’ தளத்துக்கு யாரும் படம் எடுத்து அனுப்பலாம். நிபுணர்கள் இனத்தைச் சரிபார்ப்பார்கள். ஒருகாலத்தில் தெற்கு ஒன்ராறியோவில் சாதாரணமாகப் பறந்த, முதுகில் துரு நிறத் திட்டுள்ள பம்பிள் தேனீ கனடாவில் கடைசியாகக் காணப்பட்டது 2009இல், பைனரி மாகாணப் பூங்காவில்.

தனித் தேனீக்கள் முட்டையிடவென்று கடைகளில் விற்கும் ‘தேனீ விடுதி’களை வாங்குவதற்கு முன் குழுக்கள் சற்று யோசிக்கலாம். ரொறன்ரோவில் சுமார் 600 விடுதிகளை மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தபோது, உள்ளூர்த் தேனீக்களைவிடக் குளவிகளே அதிகம் குடியேறியிருந்தன. அந்தப் பணத்துக்குச் செடி வாங்குவது மேல். ரிடி வங்கியின் சுற்றுச்சூழல் அறக்கட்டளையும் இத்தகைய முயற்சிகளுக்கு உதவுகிறது. பெருந்தொகை எங்கே போகிறது என்று பார்க்க விரும்புபவர் தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவுக்குப் போகலாம். உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழே, வெறும் புல் வெட்டப்பட்டுவந்த 16 கிலோமீட்டர் நிலத்தைப் புல்வெளிப் பூங்காடாக்கும் ‘மெடோவே’ திட்டத்துக்கு வெஸ்டன் குடும்ப அறக்கட்டளை 2018இல் 25 மில்லியன் டொலர் வரை தர முன்வந்தது.

அங்கும் சிறு தோட்டங்களிலும் நடப்படும் மில்க்வீட், நம் ஊர் எருக்கின் உறவு. கிள்ளினால் பால் வடியும். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு வேறு உணவில்லை. நட்ட முதல் ஆண்டு தண்ணீர் ஊற்றவும், அடுத்த ஆண்டுகளில் களை பிடுங்கவும் ஆள் வேண்டும். விண்ணப்பம் எழுதும்போதே அந்த ஆட்களின் பெயர்களைக் குறித்துவைப்பது நல்லது. இலையுதிர்காலத்தில் காய்ந்த தண்டுகளை வெட்டாமல் விடவேண்டும்; தேனீக்களின் அடுத்த தலைமுறை அவற்றுக்குள் உறங்குகிறது. தெருவில் போகிறவருக்கு அது பராமரிப்பற்ற நிலமாகத் தெரியும், முறைப்பாடும் வரும். ஆகவே தோட்டத்தின் செலவுப் பட்டியலில், இது வேண்டுமென்றே விடப்பட்டது என்று சொல்லும் பலகைக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கவேண்டியிருக்கிறது.