நட்சத்திரம் என்று பெயர் வைத்தார்கள்... உள்ளே ஒரு கோடி நட்சத்திரங்கள்! ஒமேகா சென்டாரியின் நடுவில் ஒளிந்திருப்பது என்ன?

கி.பி. 2-ம் நூற்றாண்டில் டாலமி தன் பட்டியலில் அதை ஒரு நட்சத்திரமாகத்தான் எழுதினார். 1603-ல் ஜெர்மானியர் யோகான் பேயரும் நட்சத்திரம் என்றே நம்பி, 'ஒமேகா' என்ற கிரேக்க எழுத்தை அதற்குக் கொடுத்தார். வால் நட்சத்திரத்தால் நமக்குத் தெரிந்த எட்மண்ட் ஹாலி, 1677-ல் செயின்ட் ஹெலெனா தீவிலிருந்து பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது: இது புள்ளி இல்லை, புகை போல இருக்கிறதே!

இன்று விடை தெரியும். அது சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு பந்து. தூரம், ஏறத்தாழ 17,000 ஒளி ஆண்டுகள்.

கோளக் கொத்து என்றால்?

ஈர்ப்பு விசையால் உருண்டையாகச் சேர்ந்திருக்கும் பழைய நட்சத்திரக் கூட்டம்தான் கோளக் கொத்து. நம் பால்வீதியில் இதுபோல 150-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பெரியது ஒமேகா சென்டாரிதான்.

பொதுவாக ஒரு கொத்தில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே செட். ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை. ஆனால், ஒமேகா சென்டாரியில் வெவ்வேறு வயது, வெவ்வேறு வேதிக் கலவை கொண்ட நட்சத்திரங்கள் கலந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு, பால்வீதியின் பெரும்பாலான நட்சத்திரங்கள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் இது சுற்றுகிறது.

அதனால்தான், 'இது இங்கே பிறந்ததே இல்லை' என்கிறார்கள் பல ஆய்வாளர்கள். பால்வீதி எப்போதோ ஒரு குட்டி கேலக்ஸியை விழுங்கியிருக்கிறது. மாம்பழத்தைத் தின்றபின் கொட்டை மிஞ்சுவதுபோல, அதன் மையம் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பது அவர்கள் கணிப்பு.

துப்பு கொடுத்த 7 நட்சத்திரங்கள்

கேலக்ஸியின் மையம் என்றால், நடுவில் ஒரு கருந்துளை இருக்க வேண்டுமே? அதைத் தேடி, ஹபிள் தொலைநோக்கி 20 ஆண்டுகளில் எடுத்த 500-க்கும் அதிகமான படங்களை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வானியல் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு அலசியது. சுமார் 14 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வை அளந்தார்கள். மையத்துக்குப் பக்கத்தில் 7 நட்சத்திரங்கள் மட்டும் தாறுமாறான வேகத்தில் பறந்துகொண்டிருந்தன.

அந்த வேகத்துக்கு அவை எப்போதோ கொத்தை விட்டே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அப்படியானால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அதன் எடை, குறைந்தது 8,200 சூரியன்களுக்குச் சமம் என்று 2024 ஜூலையில் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள்.

இதில் என்ன விசேஷம்?

நட்சத்திரம் செத்து உருவாகும் சின்னக் கருந்துளைகள் தெரியும். பால்வீதியின் நடுவில் இருப்பதுபோல, 40 லட்சம் சூரியன் எடையுள்ள ராட்சதர்களும் தெரியும். ஆனால், நடுவாந்திர சைஸில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியானவை ரொம்பவே குறைவு. சின்னது எப்படிப் பெரிதாகிறது என்ற கதையில் காணாமல்போன அத்தியாயம் அது.

அப்போ கேஸ் முடிந்ததா?

இன்னும் இல்லை. ஒரே பெரிய கருந்துளை வேண்டாம், மையத்தில் குவிந்திருக்கும் ஏராளமான சின்னக் கருந்துளைகளே போதும் என்று வாதிடுபவர்களும் உண்டு. கருந்துளை எதையாவது விழுங்கும்போது வெளிப்படும் எக்ஸ்-ரே, ரேடியோ சிக்னலும் சிக்கவில்லை. பட்டினி கிடக்கும் கருந்துளை அமைதியாகவும் இருக்கலாம் என்பது எதிர்வாதம்.

ஹபிள் அளந்தது பக்கவாட்டு நகர்வை. அந்த 7 நட்சத்திரங்கள் நம்மை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா, எவ்வளவு வேகத்தில் என்பதையும் அளந்தால் படம் இன்னும் தெளிவாகும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மீதான எதிர்பார்ப்பு அதுதான்.

நாமும் பார்க்கலாமா?

தாராளமாக. லண்டனிலிருந்து பார்த்தால் இது தொடுவானத்துக்கு மேலே வரவே வராது. தமிழ்நாட்டுக்கு அந்தக் குறை இல்லை. மே மாத நடுவில், இரவு 10 மணி வாக்கில் தெற்கே பாருங்கள். உயரத்தில் வெண்மையாக ஒளிர்வது சித்திரை நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அளந்தால், அதற்கு நேர் கீழே சுமார் மூன்றரை முஷ்டி தூரத்தில் ஒமேகா சென்டாரி. நகர வெளிச்சத்தில் கஷ்டம். ஊருக்கு வெளியே, நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே தெரியும். பைனாகுலர் இருந்தால், ஹாலி பார்த்த அதே புகையை நீங்களும் பார்க்கலாம்.