தொட்டிக்கு வரும் மீன்குஞ்சு: இனமறிந்து வளர்ப்போம்

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீன்கள் வீட்டுக்கு அழகு சேர்க்கின்றன. பிள்ளைகளின் உள்ளத்தில் உயிர்களிடத்து அன்பை விதைக்கின்றன. ஆனால், கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கொண்டுவரும் சிறு குஞ்சு எந்த இனத்தைச் சேர்ந்தது என்று விசாரித்து வாங்குவோர் சிலரே. சில மாதங்கள் கழிந்ததும், தொட்டியிலிருந்த சிறு மீன்கள் ஒவ்வொன்றாய்க் காணாமற் போவதையும், ஒன்று மட்டும் கொழுத்து வளர்ந்து நிற்பதையும் கண்டு திகைப்போர் பலர். 'சிக்லிட்' குடும்பத்து மீன்களை இனமறியாது வாங்குவோருக்கு இது அடிக்கடி நேர்கிறது.

சிக்லிட் என்றதும் ஆப்பிரிக்க ஏரிகளும் தென்னமெரிக்க ஆறுகளுமே பலருக்கும் நினைவில் எழும். இந்தியாவில் இயற்கையாக வாழும் சிக்லிட் இனங்கள் மூன்று உண்டு என்பதைப் பலர் அறியார். அவற்றுள் இரண்டு, கரிமீனும் பள்ளத்தியும், நமது செங்கல்பட்டு மாவட்டக் கடலோரக் கழிகளிலேயே வாழ்கின்றன. பள்ளத்தியை அலங்கார மீன் வணிகர்கள் 'ஆரஞ்சு குரோமைடு' என்பர். கரிமீனைக் கேரள அரசு 2010ஆம் ஆண்டில் தன் மாநில மீனாக அறிவித்துச் சிறப்பித்தது.

சென்னையிலிருந்து கோவளம் தர்காவுக்குச் செல்வோர் முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடந்திருப்பார்கள். அங்கே விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு, ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர்க் கழி. கோடையில் முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் அதனை உடைத்துக்கொண்டு கடல் சேரும். உப்பு ஏறுவதும் இறங்குவதுமான இந்நீரில் வாழப் பழகியவை நம் இரு மீன்களும். 1987இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்துகிறது. கரிமீன் குஞ்சு உற்பத்தி குறித்தும் அந்நிறுவனம் ஆராய்ந்து வந்துள்ளது.

குஞ்சுகளை அடையாளம் காண்பது எப்படி?

பெரும்பாலான மீன்களுக்கு மூக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு துளைகள் இருக்கும். சிக்லிட்டுக்குப் பக்கத்துக்கு ஒரு துளையே உண்டு. இது குடும்ப அடையாளம்.

அடுத்து உடலமைப்பைக் காண்க. கரிமீன் குஞ்சும் பள்ளத்திக் குஞ்சும் பக்கவாட்டில் தட்டையாய், வட்டம் தழுவிய வடிவில் இருக்கும். கரிமீனுக்குச் சாம்பல் கலந்த பச்சை உடலில் குறுக்குப் பட்டைகள் உண்டு. வளர வளர, செதில்களில் முத்துப் போன்ற வெண்புள்ளிகள் மின்னும். பள்ளத்தியின் மேனி மஞ்சள் நிறம். விலாவில் கரும்புள்ளிகள், அவற்றுள் நடுப்புள்ளி பெரிது.

இவற்றோடு குழப்பத்தக்கது திலேப்பியாக் குஞ்சு. முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கரும்புள்ளி அதனைக் காட்டிக்கொடுக்கும். ஐயம் தீராவிடில், பூதக்கண்ணாடி கொண்டு வயிற்றின் பின்னுள்ள மலவாய்த் துடுப்பின் முட்களை எண்ணுக. திலேப்பியாவுக்கு மூன்று, நம் நாட்டு மீன்கள் இரண்டுக்கும் பன்னிரண்டோ அதற்கு மேலோ இருக்கும்.

தென்னமெரிக்காவைச் சேர்ந்த 'பைக் சிக்லிட்' தோற்றத்தில் முற்றிலும் வேறானது. நம் ஊர் விரால் குஞ்சைப் போல நீண்டு உருண்ட உடலும் அகன்ற வாயும் கொண்டது. பல இனங்களின் குஞ்சுகளுக்கு மூக்கிலிருந்து கண் வழியாக வால் நோக்கி ஒரு கருங்கோடு ஓடும். சில இனங்களின் குஞ்சுகளுக்கு உடலெங்கும் மிளகுத்தூள் தூவியது போன்ற புள்ளிகள் இருந்து, வளரும்போது மறைந்துவிடும். ஆதலால் வளர்ந்த மீனின் படத்தை வைத்துக் குஞ்சினை அடையாளம் காண முயல்வது ஏமாற்றத்திலேயே முடியும். சிற்றினங்கள் சுமார் 10 சென்டிமீட்டரோடு நின்றுவிட, பேரினங்கள் 30 சென்டிமீட்டரையும் கடந்து வளர்வன.

பராமரிப்பு முறை

எக்குஞ்சுக்கும் முதல் தேவை பக்குவப்பட்ட நீர். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றி அமைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குவது குஞ்சுகளின் உயிருக்கு ஆபத்து. குழாய் நீரைக் குளோரின் நீங்கிய பின்னரே ஊற்ற வேண்டும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுக. வடிகட்டியைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

கரிமீனும் பள்ளத்தியும் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள கடின நீரை விரும்பும். நன்னீரிலும் வாழும் எனினும், சிறிது உப்பு கலந்த நீரில் நலமாயிருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்குச் சுமார் மூன்றரை கிராம் அளவு போதும். அதனையும் ஒரே நாளில் சேர்க்காமல், சில நாட்களில் சிறிது சிறிதாய்ச் சேர்க்கவேண்டும். பைக் சிக்லிட்டோ நன்னீர் மீன்; அதன் தொட்டிக்கு இந்த உப்பு ஆகாது. இனமறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இஃதொன்றே சான்று.

உணவிலும் வேறுபாடு உண்டு. கரிமீன் பாசியையும் தாவரங்களையும் பெரிதும் விரும்பும். வேகவைத்த கீரையைக் கொடுக்கலாம். பள்ளத்தி சிறு புழுக்களையும் உண்ணும். பைக் சிக்லிட் வேட்டை மீன்; இறால் துண்டும் புழுவும் அதற்கு ஏற்றவை. எதுவாயினும், சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை இடுக. எஞ்சும் உணவு நீரைக் கெடுக்கும்.

பள்ளத்திகளைக் கூட்டமாய் வளர்க்கலாம். நூறு லிட்டர் தொட்டியில் ஒரு சிறு கூட்டம் நலமாய் வாழும். கரிமீன் பெரிதாய் வளர்வதால் பெருந்தொட்டி இன்றியமையாதது. பைக் சிக்லிட்டுடன் அதன் வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் விடலாகாது. தம் இனத்துக்குள்ளேயே அவை மூர்க்கமாய்ச் சண்டையிடும். ஒளிந்துகொள்ளப் பானையோடும் கல்லும், துள்ளி வெளியே விழாதிருக்க மூடியும் வேண்டும்.

பெற்றோர்ப் பாசம்

நம் இரு மீன்களிடமும் வியக்கத்தக்க பண்புகள் உள. கடினமான பரப்பில் முட்டைகளை ஒட்டிவைத்து, ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காக்கும். பள்ளத்திக் குஞ்சுகள் தாய் தந்தையர் மேனியில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தி உண்ணும். பள்ளத்திகள் கரிமீனின் உடலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தூய்மை செய்வதை வைமன், வார்ட் என்னும் ஆய்வாளர்கள் 1972இல் எழுதினர். குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் இணையைக் கழியிலிருந்து பிடித்துவிட்டால், குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஆதலின் வளர்ப்புக் குஞ்சுகளை வாங்குவதே முறை.

ஏரியில் விடாதீர்!

வளர்ந்துவிட்ட மீனை, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியிலோ பக்கிங்காம் கால்வாயிலோ விடுவோர் உண்டு. இரக்கம் போலத் தோன்றும் இச்செயல் அங்குள்ள உயிர்களுக்கு இழைக்கும் தீங்காகும். மொசாம்பிக் திலேப்பியா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது 1952இல். இன்று அது எண்ணற்ற நீர்நிலைகளில் பெருகி, நம் நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பங்கு போடுகிறது. கொளவாய் ஏரியில் விடும் ஓர் அயல்நாட்டு மீனைத் திரும்பப் பிடித்துவர யாராலும் இயலாது.

வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமோ, பெருந்தொட்டி வைத்திருக்கும் மற்றோர் ஆர்வலரிடமோ ஒப்படையுங்கள். அதனினும் நன்று, வாங்குமுன்னரே மூன்று கேள்விகள் கேட்பது: இதன் பெயர் என்ன? எவ்வளவு வளரும்? எதை உண்ணும்? விடை தெரியாத மீனை வாங்காதீர். நம் தொட்டிக்குள் வந்த உயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை இறுதிவரை பேணும் வழியறிந்து வாங்குவதே பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் நற்பாடம்.